செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பதினேழு என்று எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கப் பதிவேட்டில் 46 பெயர்கள் இருக்கின்றன. அதை நம்பித் தேநீரும் வடையும் நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது யாரும் வெறுங்கையோடு போக வேண்டாம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவு பெற்ற சங்கம் இது. ஆண்டுக்கொரு முறை அறிக்கை படிப்பது செயலாளரின் கடமை. அதைக் கேட்க வருவது உறுப்பினரின் கடமை என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இருக்கட்டும்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடுகிறேன். சித்திரை முதல் நாள் ஒன்றுகூடல் நடந்தது. கொடைக்கானல் மலர்க் கண்காட்சி நாட்களில் பிரையண்ட் பூங்கா அருகே தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். ஏரிக்கரைத் தூய்மைப் பணி இருமுறை நடந்தது. இரண்டாம் முறை மழை. குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். நிர்வாகக் குழு ஒன்பது முறை கூட அழைக்கப்பட்டு ஐந்து முறை கூடியது.

இனி, பழைய படகு ஒன்றைச் சங்கம் பழுதுபார்த்த கதை.

சென்ற பொதுக்குழுவில் இதற்கு ஒப்புதல் தந்தவர்களே பிறகு தெருவில் நின்று, "செயலாளர் சொந்த ஆசைக்குச் சங்கப் பணத்தைத் தண்ணீரில் போடுகிறார்" என்று பேசியதாகக் கேள்வி. ஆகவே நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது அவசியமாகிறது.

பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் ஒரு பழைய வீட்டின் பின்கொட்டகையில் அந்தப் படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பத்தரை அடி நீளம். தேக்குப் பலகைகளை ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறும்படி அடுக்கிச் செம்பு ஆணியால் தைத்த வெள்ளைக்காரர் காலத்து வேலைப்பாடு. அதன் வயிற்றுக்கடியில் விதைப் பூண்டு மூட்டைகள். பரணில், பூண்டுக்குப் போடும் புகையில் கறுத்துப்போய், அதற்குரிய மோட்டார். வீட்டுக்கார அம்மா இரண்டையும் விலையின்றித் தந்தார். "எங்கள் மாமனார் ஓட்டியது. எடைக்குப் போடாமல் இருந்தால் போதும்" என்றார். படகைச் சங்கக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகும் இரண்டு மாதம் அந்த இடமே ரசம் கொதிக்கும் வீடு போல மணத்தது.

மோட்டார் 'பிரிட்டிஷ் சீகல்', நாற்பது பிளஸ் மாடல். 64 சி.சி., ஏறத்தாழ 3 குதிரைத்திறன். 1931இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் தொடங்கி, பிறகு டார்செட்டில் உள்ள பூல் துறைமுக ஊருக்கு இடம்பெயர்ந்த தயாரிப்பு, 1996இல் நின்றுபோனது. மோட்டாரில் பொறித்த வரிசை எண்ணின் வாலில் இருக்கும் எழுத்து மாதத்தையும் இலக்கம் ஆண்டையும் சொல்லும். மண்ணெண்ணெய் தோய்த்துத் தேய்த்தபோது எச் 5 என்று தெரிந்தது. 1965 ஆகஸ்ட். அன்று அங்கே இருந்தவர்கள் நானும் துணைத் தலைவரும் மட்டுமே. ஞாயிறுதோறும் உப்புத்தாள் தேய்க்க வருவதாகக் கையெழுத்திட்ட பதினொரு பேரில் தொடர்ந்து வந்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் உறுப்பினரே அல்ல, உறுப்பினரின் மருமகன்.

ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து ஓடாவி, அதாவது மரப்படகு கட்டும் தச்சர், ஒருவரை வரவழைத்தோம். மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால் கருவிப்பெட்டி வந்த வண்டிக்கு நான்தான் பாஸ் எடுத்துக் கொடுத்தேன். மலையில் தச்சர்களே இல்லையா என்று அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இருக்கிறார்கள், கதவு செய்வார்கள். 1863இல் வெள்ளைக்கார அதிகாரி லெவிஞ்ச் துரை இந்த ஏரியைக் கட்டியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது. அப்போது யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

பலகைகளுக்கிடையே ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. ரசாயனப் பசை வைத்து அடைத்துவிடலாம் என்று தலைவர் கருத்துத் தெரிவித்தார். டப்பாவையும் வாங்கி வந்துவிட்டார். ஓடாவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அண்ணாச்சி, இது மேலேறின பலகை. காய்ந்து கிடக்கும்போது சந்தில் கெட்டியாக எதை வைத்தாலும், நனைந்து ஊதும்போது பலகைக்குப் போக இடம் இருக்காது. ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போகும். சந்தில் பஞ்சு திணிக்கும் கலப்பத்தும் கூடாது, பசையும் கூடாது. தண்ணீர்தான் மருந்து" என்றார். அந்த டப்பா இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அதன் விலை செலவுக் கணக்கில் 'இதர' என்ற தலைப்பில் இருப்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

படகின் அடிமரமான ஏரா பழுதில்லை. விலா எலும்பு போல உள்ளே வளையும் வங்குகளில் நான்கு முறிந்திருந்தன. புதிய வங்குக்கு முசுக்கட்டை மரத்தை மெல்லிய சட்டங்களாக அறுத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் படகின் வளைவுக்கு அழுத்திப் பிடித்து ஆணியடிக்க வேண்டும். என் வீட்டு இட்லிக் கொப்பரையின் வாயில் ஒரு தகரக் குழாயைப் பொருத்தி ஆவிப்பெட்டி செய்தோம். ஓடாவி தம் ஊர்க் கணக்குப்படி முக்கால் மணி நேரத்தில் முதல் சட்டத்தை எடுத்து வளைத்தார். பட்டென்று முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மரத்தைக் குறை சொன்னார். பிறகு என் அடுப்பைக் குறை சொன்னார். குற்றம் இரண்டிலும் இல்லை. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 7,000 அடி உயரத்தில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆவியின் சூடும் அவ்வளவுதான். "அண்ணாச்சி, இது பருப்பே வேகாத ஊர்" என்றேன். சிரித்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் வைத்தார். மூன்றாவது சட்டம் வெந்த முருங்கைக்காய் போல வளைந்து கொடுத்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நாலு கை பிடித்தோம். அதில் என் கை ஒன்று வெந்தது.

வேலை பாதியில் நிற்க, ஓர் உறுப்பினர் கொட்டகைச் சாவியைச் சட்டைப்பையில் மறந்தபடியே கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பூட்டு திண்டுக்கல் பூட்டு. திறப்பதற்கு வத்தலக்குண்டிலிருந்து ஆள் வந்து அரை நாள் ஆனது. பூட்டின் தரத்தைப் பாராட்டுகிறேன். உறுப்பினரைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. அவர் சந்தா கட்டியவர்.

ஓடாவி போன பிறகு படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். முதல் நாள் சல்லடை. மூன்றாம் நாள் ஒழுக்கு கசிவானது. ஒன்பதாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். வெளிப்புறம் காய்ந்திருந்தது, உள்ளே தண்ணீர் அப்படியே நின்றது. அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியை நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். இருவர் கைகூப்பிய படம் அனுப்பினர்.

மோட்டாரில் பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பதினாறு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டியபோது நகர்ந்தது. அடியில் கியர்பெட்டியைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு குழம்பு வழிந்தது. எண்ணெயோடு தண்ணீர் சேர்ந்தால் அப்படித்தான். இந்த மோட்டாருக்கு அது பழுதல்ல, பிறவிக் குணம். அடிக்கடி திறந்து கெட்டி எண்ணெய் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் குழாயின் அடைப்பான் கார்க்கால் ஆனது. காய்ந்து சுருங்கிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வெந்நீரில் போட்டால் கார்க் ஊதும் என்பதால் பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்த கார்க், பொருத்தினால் திருகிப் பிடிக்கும் அளவுக்குக் கால் மணி நேரத்தில் உப்பிவிட்டது. புதிய பால் பாத்திரத்தின் ரசீது என் சொந்தச் செலவு. சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரியில், புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு ஞாயிறு காலை, 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் பலகை கட்டி, மோட்டாரைத் தொங்கவிட்டோம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய் கலந்தோம். அந்தக் காலத்துப் பேரிங்குகளுக்கு அவ்வளவு வேண்டும். கயிற்றின் முடிச்சைச் சக்கரத்தின் வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்க வேண்டும். முதல் இருபது இழுப்பில் இருமல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக நனைந்திருந்தது. வங்கு முறியக் காரணமாயிருந்த அதே மெலிந்த காற்றுதான் இங்கும் குற்றவாளி. கீழ்நாட்டு அளவில் பெட்ரோல் விட்டால் இங்கே அது அதிகப்படி. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியைச் சற்று இறக்கினோம். முப்பத்தோராவது இழுப்பில் பிடித்தது. இதற்கு நியூட்ரலும் இல்லை, ரிவர்ஸும் இல்லை; பிடித்தால் விசிறி சுற்றும். பீப்பாய்த் தண்ணீரில் பாதியை எங்கள் மூவர் மேலும் இறைத்துவிட்டு, நீலப் புகையைப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரை அனுப்பிவிட்டு, நான்கு நிமிடம் ஓடியது. பிறகு நாங்களே நிறுத்தினோம். பக்கத்து வீட்டாரின் புகார்க் கடிதம் கோப்பில் இருக்கிறது.

ஏரியில் ஏன் ஓட்டவில்லை என்பது அடுத்த கேள்வி. நமது ஏரியில் துடுப்புப் படகும் மிதிபடகும்தான், மோட்டார் இல்லை. ஒரே ஒரு நாள் விலக்கு கேட்டு உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவது கிடைக்கவில்லை என்றார்கள், இரண்டாவது பரிசீலனையில் இருக்கிறது, மூன்றாவதுக்கு முதல் கடிதத்தின் நகலைக் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் குழுக் கூட்டம் ஒன்றில் ஓர் உறுப்பினர் எழுந்து, லிட்டருக்கு நூறு மில்லி எண்ணெய் குடித்துத் தண்ணீரிலேயே புகைவிடும் ஒன்றை அறுபது ஏக்கர் ஏரியில் இறக்குவது நியாயமா, இந்த ஏரி வழிந்துதானே வெள்ளி அருவி விழுகிறது என்று கேட்டார். கேட்டவர் இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர். ஆனாலும் கேள்வி சரியானது. நான்காவது கடிதம் எழுதவில்லை.

பிப்ரவரியில் படகு துடுப்புப் படகாக ஏரியில் இறங்கியது. பின்புறத்து அமரப் பலகையில் மோட்டாரை மாட்டும் இடத்தில் மாலை போட்டோம். தலைவர் துடுப்பு வலித்தார். துளி தண்ணீர் உள்ளே வரவில்லை. படம் எடுக்கும்போது மட்டும் இருபத்தெட்டு உறுப்பினர்கள் இருந்தனர்.

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். படகுக்கு முதலில் ஒதுக்கியது போதவில்லை; கூடுதல் தொகை கட்டட நிதியிலிருந்து கடனாக எடுக்கப்பட்டுள்ளது. கட்டடம் கட்டும் திட்டம் இப்போதைக்கு இல்லாததால் யாருக்கும் பாதிப்பில்லை. முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது; அவர் குடும்ப விழா காரணமாக இன்று வரவில்லை.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆண்டுக்கு 600 ரூபாய். மாதம் ஐம்பது, ஏரிக்கரையில் இரண்டு சோளக்கதிர் விலை. 46 பேரில் கட்டியவர்கள் 19. பெயர்களைப் பலகையில் எழுதிப் போடலாம் என்று வந்த ஆலோசனையை நாகரிகம் கருதி ஏற்கவில்லை. ஆனால் பலகை தயாராக இருக்கிறது, சுண்ணக்கட்டியும் இருக்கிறது.

படகு தந்த பூம்பாறை அம்மாவுக்கும், ஓடாவிக்கும், உப்புத்தாள் தேய்த்த மூவருக்கும், இட்லிக் கொப்பரையைத் திரும்பக் கேட்காத என் வீட்டாருக்கும், ஆலோசனைகள் வழங்கிய தலைவருக்கும், கொட்டகைக்கு மின்சாரம் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

வரும் ஆண்டு குறித்து. மோட்டார் பீப்பாயில் ஓடப் பிறந்ததல்ல. தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தால் தம் உறவினரின் படகுத்துறையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்வதாக ஓடாவி சொல்லியிருக்கிறார். அங்கே நாற்பது பிளஸ் பார்த்த கிழவர்கள் இருவர் இருக்கிறார்களாம். படகை ஏற்ற மினி லாரி வாடகை, இருவருக்குப் பஸ் டிக்கெட், சாப்பாடு. பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். கட்டட நிதியைத் தொட வேண்டியிருக்காது.

செயலாளர் பொறுப்புக்கு இன்றே தேர்தல். நான்கு ஆண்டு ஆயிற்று, உடம்பும் முன்போல் இல்லை, வேறொருவர் முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைப்பேன். அவருக்குக் கியர் எண்ணெய் மாற்றத் தெரிந்திருந்தால் நல்லது. யாரும் முன்வராவிட்டால், சென்ற ஆண்டு போலவே, கூட்டத்தின் விருப்பத்துக்குக் கட்டுப்படுகிறேன்.

கொட்டகையின் புதுச் சாவி என்னிடமும் துணைத் தலைவரிடமும் மட்டுமே இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கும்.

சங்கப் பணியில்,
செயலாளர்
கொடைக்கானல்