சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2025: ஜெர்மன்டவுன், மான்ட்கோமரி கவுண்டி, மேரிலாந்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

சென்ற ஆண்டு பொங்கல் விழா, கோடைச் சுற்றுலா, நவராத்திரி கொலு, தீபாவளி எல்லாம் நல்லபடியாக நடந்தன. படங்களைப் பார்த்துவிட்டீர்கள், வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் விழாக்களை இத்துடன் நிறுத்திக்கொண்டு, கவுண்டி, அதாவது மாநிலத்துக்குக் கீழே உள்ள நம் உள்ளூர் அரசு, அதன் விஷயங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போன ஜனவரியில் இதற்கென்று நாம் அமைத்த சிறு குழுவின் வேலையும் இதில் அடங்கும்.

இந்தக் குழு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். பக்கத்தில் ராக்வில், கெய்தர்ஸ்பர்க் நகரங்களுக்குத் தனி மேயரும் தனி நகர மன்றமும் உண்டு. நம் ஜெர்மன்டவுனுக்கு அப்படி எதுவும் கிடையாது. பேருந்து, நூலகம், பள்ளிக்கான பணம், போலீஸ், பனி அள்ளுதல் என்று எதை எடுத்தாலும் ராக்வில்லில் இருக்கும் கவுண்டி அரசிடம்தான் போய் நிற்க வேண்டும். 2020 கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியில் 10,62,061 பேர். அத்தனை பேருக்கும் கவுண்டி மன்றமான கவுன்சிலில் 11 உறுப்பினர்கள்தான். ஏழு பேர் தேர்தல் மாவட்டத்துக்கு ஒருவராக வருகிறார்கள், நான்கு பேரை முழுக் கவுண்டியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. நாம் இரண்டாவது மாவட்டம். நமக்கு உறுப்பினர் மேரிலின் பால்கோம். ஆக, ஒவ்வொரு வாக்காளருக்கும் ஐந்து உறுப்பினர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இது தெரியாமலேயே இங்கே பதினைந்து ஆண்டு வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. என் வீடும் அதில் ஒன்று.

ஆண்டு தொடங்கியதே பனியோடுதான். ஜனவரி 6 அன்று பெய்த பனியில் பள்ளிகள் அடுத்தடுத்து மூடிக் கிடந்தன. பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரும்பாலான வீடுகளில் செய்தோம். ஆனால் தெருப் பனியைத் தள்ளிய வண்டி அத்தனையையும் தெரு முனையில் மலைபோலக் குவித்துவிட்டுப் போய்விட்டது. யாருடைய வீட்டு முன்பும் இல்லாத இடம் என்பதால் யாரும் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து நம் இளைஞர்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு போய் வழி வெட்டினார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

அதே முனையில்தான் அந்த விளக்கு.

நம்மில் பலருக்கு அது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கலாம். உயர்நிலைப் பள்ளி காலை 7:45க்குத் தொடங்குகிறது. அதற்கான பேருந்தைப் பிடிக்கப் பிள்ளைகள் ஏழு மணிக்கு முன்பே முனையில் நிற்க வேண்டும். ஜனவரியில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் வருகிறது. அந்த முனை விளக்கு நவம்பரிலிருந்தே எரியவில்லை. கறுப்பு ஜாக்கெட், கறுப்புப் பை, கறுப்புத் தெரு. ஒரு நாள் காலையில் ஒரு கார் பிள்ளைகளுக்கு மிக அருகில் வந்துதான் நின்றது என்று ஒரு தாய் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்.

கவுண்டியின் புகார் எண்ணான 311க்கு அழைத்தோம். மரியாதையாகப் பேசினார்கள், புகாருக்கு ஒரு எண் தந்தார்கள். பத்து நாளில் புகார் முடிக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. திரும்பக் கேட்டபோது, அந்தக் கம்பம் தங்களுடையது அல்ல என்றார்கள். குடியிருப்பு நிர்வாகத்திடம் கேட்டோம். அவர்களுடையதும் இல்லையாம். இப்படியே பிப்ரவரி போயிற்று. ஒரு கம்பம் நடு ரோட்டில் நிற்கிறது, அதற்குச் சொந்தக்காரர் இல்லை!

விஷயம் பிடிபட்டது மார்ச்சில்தான். சில தெரு விளக்குகள் கவுண்டிக்குச் சொந்தம், சில மின் நிறுவனத்துக்கு, சில குடியிருப்பு நிர்வாகத்துக்கு. எது யாருடையது என்பதைக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். நம் கம்பத்தில் எண்ணே தெரியவில்லை, கொடி படர்ந்து மூடியிருந்தது. ஒரு மாலை வேலை முடிந்து வந்த உறுப்பினர் ஒருவர் கைபேசி வெளிச்சத்தில் கொடியை விலக்கி, வீட்டுச் சாவியால் அழுக்கைச் சுரண்டி, எண்ணைப் படம் பிடித்து அனுப்பினார். மின் நிறுவனத்தின் கம்பம் அது. அதன் பிறகும் இரண்டு மாதம் ஆனது. மே மாதம் விளக்கு எரிந்தபோது காலை ஆறு மணிக்கெல்லாம் விடிந்துவிடும் காலம். ஆனாலும் சென்ற நவம்பரில் அந்த முனையில் பிள்ளைகளின் முகம் தெரிந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி யார் வீட்டருகே விளக்கு அணைந்தாலும் முதலில் கம்ப எண்ணைப் படம் எடுங்கள், அப்புறம் அழையுங்கள். 311இல் ஆங்கிலம் பேசத் தயங்கும் பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

ஆண்டின் நல்ல செய்தி பேருந்து. ஜூன் 29 முதல் கவுண்டியின் ரைட் ஆன் பேருந்துகள் எல்லோருக்கும் இலவசம். அதற்கு முன் ஒரு டாலர். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அப்போதே இலவசம்தான், ஆனால் அதற்குரிய அட்டை வேண்டும். ஆறு மாத விசாவில் பேரப் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம் அம்மா அப்பாக்களில் எத்தனை பேர் அந்த அட்டை வாங்கினார்கள்? ஒரு டாலர் பெரிய பணம் இல்லை. பெட்டியில் காசு எப்படிப் போடுவது, ஓட்டுநர் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது, பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் அவர்களை வீட்டிலேயே உட்கார வைத்தது.

திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவை ஜூலையில் ஜெர்மன்டவுன் நூலகத்தில் பார்த்தேன். பேத்தியைக் குழந்தைகள் பகுதியில் உட்கார வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். "யார் கூட்டிட்டு வந்தாங்க மா?" என்று கேட்டேன். "யாரும் இல்லடி, நானேதான். ஏறினேன், உட்கார்ந்தேன், இறங்கினேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல" என்றார். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு மாலை வரை அடைந்து கிடந்தவர், ஊருக்குத் திரும்பும்வரை வாரத்தில் மூன்று நாள் நூலகம் வந்தார். கவுண்டி எடுத்த முடிவுகளில் இதைவிட நேரடியாக நம் வீடுகளைத் தொட்டது வேறு இல்லை என்பேன்.

ஒரு எச்சரிக்கை. இலவசம் ரைட் ஆனுக்கு மட்டும்தான். வாஷிங்டன் வட்டாரம் முழுதும் ஓடும் மெட்ரோ பேருந்துகளுக்கு இன்னும் கட்டணம் உண்டு. அதே ஜூன் 29 அன்று மெட்ரோ தன் பேருந்து எண்களையும் மாற்றிவிட்டது. நம் கவுண்டியில் ஓடுபவை இப்போது எம் எழுத்தில் தொடங்குகின்றன. பெரியவர்களுக்கு இதை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்து வரி. இதைக் கவனமாகக் கேளுங்கள், பலருக்குப் பணம் கைநழுவுகிறது. வீட்டின் மதிப்பைக் கணக்கிடுவது மாநில அரசு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. வரி விகிதத்தை முடிவு செய்வது கவுண்டி கவுன்சில். மதிப்பீட்டுக் கடிதம் டிசம்பர் கடைசியில் வரும். ஒவ்வொரு ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு வருகிறது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால், கடிதத் தேதியிலிருந்து 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். விளம்பரத் தாள்களோடு சேர்த்து அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த முறை உங்களுக்கு வந்திருந்தால், பிப்ரவரி பாதிக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இன்னொன்று ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை. நீங்களே குடியிருக்கும் வீடு என்றால், வரிக்குரிய மதிப்பு கவுண்டிக் கணக்கில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஒருமுறை விண்ணப்பித்தால் போதும், விண்ணப்பம் முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்டு வரும் தனியார் கடிதங்களை நம்பாதீர்கள். இதுபோக, குடியிருக்கும் வீட்டுக்கு வரி ரசீதில் 692 டாலர் கழிவும் உண்டு. நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று வேலை நிமித்தம் இரண்டு ஆண்டு டெக்சாஸ் போனபோது வீட்டை வாடகைக்கு விட்டிருந்தது. திரும்பி வந்து குடியேறினார்கள், ஆனால் பதிவேட்டில் அது வாடகை வீடாகவே கிடந்தது. குழுவினர் ஒரு சனிக்கிழமை எல்லோருடைய ரசீதையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் அந்த 692 அவர்கள் தாளில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. இப்போது சரிசெய்தாகிவிட்டது. போன ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். மார்ச் 15க்குள் கவுண்டி நிர்வாகத் தலைவர் வரைவைத் தருகிறார், ஏப்ரலில் கவுன்சில் மக்கள் கருத்தைக் கேட்கிறது, ஜூன் 1க்குள் நிறைவேற்றுகிறது, ஜூலை 1இல் நிதியாண்டு தொடங்குகிறது. சென்ற ஆண்டு நிர்வாகத் தலைவர் மார்க் எல்ரிச் முதலில் சொத்து வரி விகிதத்தை உயர்த்தக் கேட்டிருந்தார். கவுன்சில் அதை உயர்த்தாமலேயே சுமார் 760 கோடி டாலர் பட்ஜெட்டை நிறைவேற்றியது.

அந்த ஏப்ரல் கூட்டத்தில் நம் உறுப்பினர்கள் மூன்று பேர் பேசினார்கள். அதில் ஒருவர் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர். "எனக்கு ஓட்டு இல்லையே, நான் போய்ப் பேசலாமா?" என்று முந்தின வாரம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பேசலாம். குடியுரிமை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், அது போதும். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். பள்ளிக்குப் போகும் சாலையில் நடைபாதை விட்டுப்போன இடத்தைப் படத்தோடு காட்டிப் பேசினார். கையில் வைத்திருந்த தாள் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. நடைபாதை இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு கவுன்சில் அலுவலகத்திலிருந்து அந்த இடத்தைப் பற்றிக் கேட்டுக் கடிதம் வந்தது. இந்த ஆண்டும் அதே இடத்தைப் பற்றிப் பேசப்போகிறோம்.

ஜூலையில் சில பெரிய சாலைகளை ஒட்டி இரட்டை வீடு, சிறு அடுக்குமாடி கட்ட அனுமதிக்கும் மாற்றத்தைக் கவுன்சில் நிறைவேற்றியது. இதில் நம் உறுப்பினர்களிடையே இரண்டு கருத்தும் வலுவாக இருந்ததால் சங்கம் நிலைப்பாடு எடுக்கவில்லை. ஜூலை 1 முதல் பெட்ரோலில் ஓடும் இலை ஊதிகளைப் பயன்படுத்தத் தடை. உங்கள் தோட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள். 2026 ஜனவரி 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது, காகிதப் பைக்குப் பத்து சென்ட். துணிப் பையோடு கடைக்குப் போய் வளர்ந்தவர்கள் நாம், பழகிவிடும்.

அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசு முடங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெதெஸ்டாவில் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச், ஒயிட் ஓக்கில் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கெய்தர்ஸ்பர்க்கில் அளவைத் தர ஆய்வு நிறுவனமான என்ஐஎஸ்டி என மத்திய அரசின் மூன்று நிறுவனங்களும் நம் கவுண்டிக்குள்தான் இருக்கின்றன. அங்கே ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு விட்டுப்போன சம்பளம் திரும்பி வராது. தீபாவளிப் பட்டாசுக்கு ஒதுக்கிய பணத்தைச் செயற்குழு அரிசி, பருப்பு, எண்ணெயாக மாற்றி, ஒரு பாதியை இல்லாதவர்களுக்கு உணவு தரும் மன்னா உணவு மையத்துக்கும் மறுபாதியை நமக்குள்ளேயும் கொடுத்தது. யார் வாங்கினார்கள் என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரியும், அது அப்படியே இருக்கும். இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த 2026 தேர்தல் ஆண்டு. நிர்வாகத் தலைவர் பதவிக்கும் கவுன்சிலின் 11 இடங்களுக்கும் நவம்பர் 3 அன்று தேர்தல். 2024இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த இரண்டு தவணை வரம்பால் எல்ரிச் மறுபடி அதே பதவிக்கு நிற்க முடியாது. குடியுரிமை பெற்ற நம்மவர்கள் பலர் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் மேரிலாந்தில் கட்சியில் பதிவானவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க முடியும். நம் கவுண்டியில் பெரும்பாலும் முடிவு அங்கேயே தெரிந்துவிடுகிறது. கட்சி சாராதவர்களுக்கு ஜூனில் கல்வி வாரிய வாக்கு மட்டும் கிடைக்கும். சங்கம் எந்தக் கட்சியையும் சொல்லாது, உங்கள் பதிவு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்துழைத்த செயற்குழுவுக்கும், கூட்டங்களுக்கு வீட்டைத் திறந்துவிட்ட குடும்பங்களுக்கும், அந்தக் கம்ப எண்ணைச் சுரண்டிய கைகளுக்கும் நன்றி.

ஏப்ரலில் நடைபாதைக்காகப் பேச இதுவரை இரண்டு பேர் பெயர் தந்திருக்கிறார்கள், நான்கு பேராவது வேண்டும். காபி மேசையருகே நீல நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவும் ஒத்திகை பார்க்கவும் குழு உதவும். ராக்வில்லுக்கு அழைத்துப் போக என் காரில் மூன்று இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்