பேரரத்தைக்கு இஞ்சி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் தாய்லாந்து பச்சைக் கறிக்கான செய்முறையைப் படித்தேன். அதன் கீழே கட்டம் கட்டி ஒரு குறிப்பு: ‘கலங்கல் கிடைக்காவிட்டால் இஞ்சி போதும், மக்ரூட் இலைக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம்.’ கலங்கல் என்பது இஞ்சி இனத்துக் கிழங்கான நம் பேரரத்தை. மக்ரூட் என்பது எலுமிச்சை இனத்து மரம். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

என் கணவருக்கு ரத்தினக்கல் வியாபாரம். அதன் பொருட்டு 11 ஆண்டுகள் பாங்காக்கில், சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தோம். வீட்டு உரிமையாளரின் தாயார் கீழ்த்தளத்தில் இருந்தார். அம்மாவைப் பெற்றவரை அங்கே ‘யாய்’ என்பார்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன்.

போன புதிதில் நானும் இஞ்சிதான் போட்டேன். ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாய் ஒரு வாய் சாப்பிட்டார், சிரித்தார், என் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப்போனார். இஞ்சித் துண்டு ஒன்றையும் பேரரத்தைத் துண்டு ஒன்றையும் நறுக்கி, என் மூக்கருகே மாற்றி மாற்றிக் காட்டினார். ஒன்றில் நமக்குப் பழகிய காரம். மற்றொன்றில் மரப்பிசினும் கற்பூரமும் கலந்தது போன்ற மணம். அப்போது எனக்கு அவர் மொழி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இஞ்சியைத் தாய்லாந்துக்காரர்கள் ஒதுக்கியவர்கள் அல்லர். பர்மாவிலிருந்து வட தாய்லாந்துக்கு வந்து சேர்ந்த ‘ஹங் லே’ கறி இஞ்சி இல்லாமல் ஆகாது. அதற்கு இஞ்சி, இதற்குப் பேரரத்தை. பாங்காக்கிலிருந்து வரும் ஒரு பத்திரிகை, ‘சாம்பாருக்குக் கறிவேப்பிலை கிடைக்காவிட்டால் பிரிஞ்சி இலை போதும்’ என்று எழுதினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

பெயரிலும் எனக்கு வருத்தம் உண்டு. ‘கலங்கல்’ என்று எழுதி அதை ஏதோ கண்காணாத பொருளாக்கிவிட்டீர்கள். அது பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தைக்குப் பக்கத்து டப்பாவில் காய்ந்த துண்டுகளாக இருப்பது. அரத்தையின் மருத்துவ குணங்களைப் பற்றித் தங்கள் இதழே முன்பு எழுதியிருக்கிறது. தாங்கள் அறியாதது அல்ல. பச்சைக் கிழங்கு கிடைக்காத ஊரில், காய்ந்ததை வெந்நீரில் ஊறவைத்து இடித்துப் போடலாம். மணம் சற்றுக் குறையும், ஆனால் அது அதுவாகவே இருக்கும். இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

மக்ரூட் இலை கிடைப்பது கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இலையைப் போடுவது மணத்துக்காக. எலுமிச்சைச் சாறு தருவது புளிப்பு, பச்சைக் கறியில் புளிப்பே கிடையாது. நம் பாட்டிமார்கள் வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு நீக்கி இடிக்கவில்லையா? ஊருக்குத் திரும்பிய பிறகு நான் கொழுந்து நாரத்தை இலையைத்தான் மயிரிழையாக நறுக்கிப் போடுகிறேன். முழு ஒப்பு இல்லை. சாற்றைவிட நூறு மடங்கு மேல்.

எனக்கு இன்னும் ஆறாதது கொத்தமல்லி விஷயம். ‘வேரை நீக்கிவிட்டு ஒரு கட்டு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தாய்லாந்து வீட்டுச் சமையலின் உயிரே அந்த வேர்தான். கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு: இந்த மூன்றையும் சேர்த்து இடித்ததுதான் அங்கே பாதிச் சமையலுக்குத் தொடக்கம். இறைச்சியை ஊறவைக்கவும் அதுதான், சூப்புக்கும் அதுதான். கிடைக்காத பொருள்களுக்கு மாற்று தேடிய குறிப்பாசிரியர், நம் சந்தையில் மண்ணோடு கிடைக்கும் ஒன்றை வெட்டி எறியச் சொல்லியிருக்கிறார்.

‘எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைக்கவும்’ என்பது அடுத்த வரி. யாயின் உரல் சோன்புரி பக்கத்து அங் சிலாவில் செதுக்கிய கருங்கல். வறுத்த மல்லியும் சீரகமும் வெள்ளை மிளகும் முதலில் பொடியாகும். அதை வழித்து எடுத்து வைத்துவிடுவார். பிறகு கல்லுப்போடு பச்சை மிளகாய். அதன்பின் பேரரத்தை, எலுமிச்சைப்புல், மக்ரூட் காயின் மேல்தோல், கொத்தமல்லி வேர். சின்ன வெங்காயமும் பூண்டும் அதற்கும் பிறகு. ‘கபி’ என்ற இறால் விழுது கடைசியில். நாரும் கட்டையுமாக இருப்பவை முன்னால், நீர் விடுபவை பின்னால். ஒருநாள் அவசரத்தில் வெங்காயத்தை முதலில் போட்டுவிட்டேன். குழவி வழுக்கியது, சாறு என் கண்ணில் தெறித்தது, எலுமிச்சைப்புல் கடைசிவரை நார் நாராகவே கிடந்தது. யாய் கூடத்தில் உட்கார்ந்தபடியே, இடிக்கும் சத்தம் சரியில்லை என்று குரல் கொடுத்தார்.

மிக்ஸி கூடாது என்று நான் சொல்லவில்லை. முழங்கை வலி வந்த பிறகு நானும் மிக்ஸிதான். தண்ணீருக்குப் பதில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு அரைத்தால் போயிற்று. கெட்டியான முதல் பாலைக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்த பின் அதில்தான் விழுதை வதக்குவார்கள். தண்ணீர் கலந்த விழுது வதங்காது, வேகும். பச்சை வாசனை போகாது. வாசகி செய்து பார்த்துவிட்டு, ‘தாய்லாந்து சாப்பாடு நமக்கு ஒத்துவராது’ என்று சொல்லிவிடுவார். பழி யாய் போன்றவர்கள் தலையில் விழும்.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு பயணக் கட்டுரையில், ‘மசாலா என்று பெரிதாக எதுவும் இல்லாத சமையல்’ என்று வந்தது. ஏலம், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் சேரும் மஸ்ஸமன் கறி அந்த நாட்டினுடையதுதானே? இரண்டாம் ராமா மன்னர் (ஆட்சி 1809-1824) தாம் இயற்றிய பாடலில் அந்தக் கறியின் சீரக மணத்தைப் புகழ்ந்திருக்கிறார். அந்நாட்டின் வடக்கே ‘லாப்’ என்ற கொத்திறைச்சி உணவு செய்யும் மசாலாவில் திப்பிலி உண்டு. அவர்கள் அதை ‘தீப்லி’ என்கிறார்கள். மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக வருவதற்கு முன் அங்கே காரம் தந்தது மிளகுதான். இன்று ‘பிரிக்’ என்றால் மிளகாய். மிளகோ ‘பிரிக் தாய்’, அதாவது தாய்லாந்து பிரிக் ஆகிவிட்டது. மிளகு என்ற சொல்லிலிருந்தே மிளகாய்க்குப் பெயர் வைத்தவர்கள் நாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒரு சமையலை அந்த ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள்.

இன்னொரு முறை, பச்சைக் கறிக்கு ‘துளசி அல்லது புதினா’. நம் துளசி அங்கே ‘கப்ராவ்’. இறைச்சியோடு மிளகாயும் பூண்டும் சேர்த்து வதக்கும்போது போடுவது. பச்சைக் கறிக்கு உரியது ‘ஹோரபா’. அதற்கு நம்மூரில் நெருங்கிய உறவு திருநீற்றுப் பச்சிலை. அன்றும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒரு நகரத்து உணவகத்தில் இதே பச்சைக் கறியைக் கரம் மசாலாவும் சோளமாவும் கலந்து கொடுத்தார்கள். கேட்டதற்கு, பத்திரிகையில் பார்த்துத்தான் செய்கிறோம் என்றார்கள். அது தங்கள் பத்திரிகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அச்சில் வந்ததை நம்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

யாய் இப்போது இல்லை. நாங்கள் ஊர் திரும்பிய மூன்றாம் ஆண்டில் போய்விட்டார். என் முதல் மகள் பிறந்தபோது வெள்ளை மிளகும் கபியும் சின்ன வெங்காயமும் இடித்துப் போட்டு, பீர்க்கங்காயும் பூசணியும் சேர்த்து, ‘மெங்லக்’ என்ற எலுமிச்சை மணத் துளசி இலை தூவி ‘கேங் லியாங்’ என்ற காய்கறிக் குழம்பு வைத்துக் கொடுத்தவர் அவர். பால் ஊறும் என்று அங்கே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. மூன்று வாரம், தினமும் மாடிப்படி ஏறிக் கொண்டுவந்து தந்தார்.

தாங்கள் அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் போதும்: பச்சைக் கறிக்கு வேண்டியது பேரரத்தை, இஞ்சி அல்ல, கொத்தமல்லியை வேரோடு எடுத்துக்கொள்ளவும், எலுமிச்சைச் சாறு வேண்டாம். இடம் குறைவு என்றால் என் கடிதத்தை விட்டுவிட்டுத் திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
காரைக்குடி