ஒரு லிட்டர் ஷாம்பு பாட்டிலில் சேமிப்பு எங்கே இருக்கிறது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் இலவச எண்ணுக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் சரியான பதில் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் ஒரு லிட்டர் பம்ப் பாட்டிலின் மேல் 'குடும்பத்துக்குச் சேமிப்பு, 3 மாதம் வரும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டுமே எங்கள் வீட்டில் பொய்யாகிவிட்டன. பாட்டில் ஏழே வாரத்தில் தீர்ந்தது, செலவு பாக்கெட்டைப்போல மூன்று மடங்கு ஆனது.

வீட்டில் ஆறு பேர். அத்தை மட்டும் இன்றைக்கும் அரப்புதான் தேய்க்கிறார், மற்ற ஐந்து பேருக்கும் ஷாம்பு. வருஷக்கணக்காக உங்கள் 2 ரூபாய் பாக்கெட்தான் வாங்கினோம். மாதம் மூன்று சரம், சரத்துக்கு 16 பாக்கெட், மொத்தம் 96 ரூபாய். மகள்கள் இரண்டு பேருக்கும் இடுப்பு வரை முடி, அவர்களுக்கே ஆளுக்கு ஒரு பாக்கெட் போதும். வீட்டுக்காரரும் பையனும் ஒன்றைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் எதற்குப் பாட்டிலுக்கு மாறினீர்கள் என்று கேட்பீர்கள். தடப்பள்ளி வாய்க்கால்தான் காரணம். மதகுப் பக்கம் போய்ப் பாருங்கள், கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள் பாசியோடு ஒட்டிக் கிடக்கும், அதில் எங்கள் வீட்டுப் பாக்கெட்டும் இருக்கும் என்று நினைத்தாலே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய சாமான் எடுக்க வருகிறவர் பாட்டிலை எடைக்கு எடுத்துக்கொள்வார், இந்தப் பாக்கெட்டைத் தொடக்கூட மாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் உங்கள் பாட்டில் 675 ரூபாயிலிருந்து 600 ஆனது. வரிக் குறைப்பை ஒழுங்காக விலையில் குறைத்தீர்கள், அதை மறைக்க மாட்டேன். கடையில் தள்ளுபடி போக 480-க்குக் கிடைத்தது. சரி, இனிமேல் பாட்டில்தான் என்று வாங்கிவிட்டேன்.

கணக்கை அப்போதே போட்டிருக்க வேண்டும். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு மி.லி. 0.60 ரூபாய் என்று இருக்கிறது. தள்ளுபடி போனாலும் 48 பைசா. பாக்கெட்டில் 7 மி.லி. இருக்கிறது, வகுத்துப் பார்த்தால் ஒரு மி.லி. 29 பைசாகூட வரவில்லை. அதே ஷாம்பு, அதே வாசனை, அதே நிறம். ஒரு லிட்டரைப் பாக்கெட்டாகவே வாங்கினால் 143 பாக்கெட், 286 ரூபாய்தான் ஆகும். அரிசி, எண்ணெய், பருப்பு எதுவாக இருந்தாலும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று நம்பித்தானே நாங்கள் பெரியதை எடுக்கிறோம்? அந்த நம்பிக்கையின் மேல்தான் நீங்கள் 'சேமிப்பு' என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது பம்ப். பையனுடைய இருமல் மருந்து மூடியில் பிடித்து அளந்தேன், ஒரு அழுத்துக்கு 4 மி.லி. வருகிறது. கண்ணில் நுரையோடு நிற்கிற பிள்ளை ஒரு தடவை அழுத்திவிட்டு நிறுத்துமா? மூன்று, நாலு என்று போகும். மூன்று அழுத்தே 12 மி.லி., கிட்டத்தட்ட இரண்டு பாக்கெட். பாக்கெட் என்றால் தீர்ந்ததும் கை நின்றுவிடும், பம்ப்பில் அந்தத் தடை இல்லை. அதிகம் போட்டால் அலசவும் தண்ணீர் அதிகம், எங்களுக்கோ போர் தண்ணீர். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, தலைக்குப் போனதைவிட சாக்கடைக்குப் போனதுதான் சாஸ்தியாட்டம் இருக்குது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை.

ஏழாவது வாரம் பம்ப்பில் காற்றுதான் வந்தது, ஆனால் பாட்டில் கையில் கனத்தது. அரிவாள்மனையில் வைத்து நடுவில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற குழாய் அடிவரைக்கும் போகவே இல்லை, ஒரு விரல்கட்டை மேலேயே நின்றுவிடுகிறது. சுற்றிலும் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து டம்ளரில் எடுத்து, அதே 10 மி.லி. மூடியில் அளந்தால் முழுசாக ஒன்பது மூடி. 90 மி.லி., அதாவது 43 ரூபாய். அறுக்காமல் எத்தனை வீட்டில் அப்படியே தூக்கிப் போட்டிருப்பார்கள்?

போனில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லவில்லை. ஆனால் "தண்ணி ஊத்திக் குலுக்கி யூஸ் பண்ணுங்க மேடம்" என்றார். தண்ணீர் கலந்தால் கெடாமல் இருக்கச் சேர்த்த மருந்தும் நீர்த்துப் போகும், அதை அன்றைக்கே தீர்க்க வேண்டும், நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. அதையாவது சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கண்டிஷனர் கதையும் இதேதான். 180 மி.லி. 240 ரூபாய், மி.லி.க்கு 1 ரூபாய் 33 பைசா, அதில் 'தேவையான அளவு எடுத்துத் தடவவும்' என்று மட்டும் போட்டால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? உச்சந்தலையிலிருந்து பூசி மூன்று வாரத்தில் காலி பண்ணிவிட்டார்கள். இப்போது முடியை நன்றாகப் பிழிந்துவிட்டு, காதுக்குக் கீழே இருக்கிற முடிக்கு மட்டும் தடவச் சொல்லியிருக்கிறேன், அதே பாட்டில் இரண்டு மாதம் வருகிறது. இந்த ஒரு வரியை நீங்களே அச்சடித்திருக்கலாம். கண்டிஷனர் பாக்கெட் எங்கள் ஊர் மளிகைக்கடைக்கு வருவதே இல்லை.

என் 43 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. பாட்டிலுக்கு ஒரு மி.லி. விலை பாக்கெட்டைவிடக் குறைகிற வரைக்கும் 'சேமிப்பு' என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுங்கள். குழாயை அடிவரை நீட்டுங்கள், ஒரு அழுத்துக்கு 2 மி.லி. வருகிற பம்ப் போடுங்கள். பாட்டிலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நிரப்புகிற மாதிரி பெரிய பை ஒன்று கொண்டுவந்து, அதைப் பாக்கெட் விலைக்கே கொடுங்கள். வாய்க்காலில் குப்பை போடாதவருக்குக் கூடுதல் விலை, போடுகிறவருக்குக் குறைந்த விலை என்று நீங்கள் வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அறுத்த பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன், போட்டோவும் பில்லும் இத்துடன் இருக்கிறது. 30 நாளைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகாராகப் பதிவு செய்வேன். அதுவரைக்கும் நான் மறுபடி சரம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், காலிப் பாக்கெட்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறேன், அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் உங்கள் பதிலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல வருஷ வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.