காட்டுப்பாதை திறக்கும் தேதியை முன்னரே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காமத் திருவிழாவை ஒட்டி அடியார்களுக்குத் திறந்துவிடும் காட்டுவழியை, உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை, இம்முறை நடந்து முடித்துவிட்டேன். வீடு திரும்பிய மறுநாளே இரவுக் கடமை. கால் கொப்புளங்கள் ஆறுமுன் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் தாதியாக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள், கணவர் கடலுக்குப் போகிறவர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வேலோடு கதிர்காமத்துக்கு நடந்தே புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை தாண்டி எங்கள் ஊருக்கு வரும்போது, கல்லடியில் நின்று கும்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவேன். அவர்களைப்போல் ஒன்றரை மாதம் நடக்க எனக்கு லீவு ஏது? பொத்துவில் வரை பஸ்ஸில் போயாவது காட்டுப்பகுதியை நடந்துவிட வேண்டும் என்பது என் நேர்த்திக்கடன்.

முன்பு ஒருமுறை, கேள்விப்பட்ட தேதியை நம்பி இரண்டு பேரோடு டியூட்டி மாற்றி ஏழு நாள் லீவு எடுத்தேன். பாதை திறக்கும் நாள் தள்ளிப்போனது. லீவு வீட்டிலேயே கழிந்தது. இம்முறையும் தேதி தெரியவந்தபோது ரோஸ்டர் போட்டாகிவிட்டது. கூட வேலை செய்யும் இருவர் தங்கள் ஓய்வு நாட்களை எனக்காக விட்டுத் தந்தார்கள். அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் பஸ் ஏறாமல், காத்தான்குடி வழியே ஆரையம்பதி வீட்டுக்கு நடந்து நடந்து பழகியிருந்தேன். தார் ரோட்டில் பழகிய கால் குமுக்கன் ஆற்றுக்கு அப்பால் மணலில் புதைந்தது. நாவலடியிலிருந்து வியாழைக்கு நடந்த நாளில் அழுதேவிட்டேன். திருக்கோவிலைச் சேர்ந்த ஓர் அம்மா, போருக்கு முன்பே தாயோடு இந்தக் காட்டை நடந்தவராம், வெறுங்காலோடு என் பக்கத்தில் வந்தார். "புள்ள, தண்ணிய மடக்கு மடக்காக் குடி. நிக்காத, நின்டா கால் விறைச்சிரும்" என்றார். நிற்காமல் நடந்தேன்.

நான் தாதி என்று தெரிந்ததும் இரவில் நெருப்புக்குப் பக்கத்தில் கால்கள் வரிசையாக நீண்டன. "மிஸி, இதையும் ஒருக்காப் பாருங்க" என்று கேட்டவர்களில் சிங்களவர்களும் இருந்தார்கள். கொண்டுபோன பஞ்சும் துணிக்கட்டும் வள்ளியம்மன் ஆற்றோடு முடிந்துபோயின. மாணிக்க கங்கையில் இறங்கியபோது புண்களெல்லாம் எரிந்தன. அந்த அம்மாதான் என் தலையைப் பிடித்து மூன்று முறை முக்கி எடுத்தார்.

என் கோரிக்கை ஒன்றே. கதிர்காமக் கொடியேற்றம் அமாவாசைக் கணக்கில் வருவது. நாள் முன்கூட்டியே கணிக்கப்படுகிறது. தண்ணீர் பவுசர், யானை நடமாட்டம், பாதுகாப்பு என்று காட்டைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை பல உண்டு என்பதை அறிவேன். இருந்தாலும் பொறுப்பானவர்கள் சித்திரை வருடப்பிறப்புக்குள் கூடி, திறக்கும் நாளையும் மூடும் நாளையும் அறிவித்து, அறிவித்ததை மாற்றாமல் இருக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆடைத் தொழிற்சாலையில் நிற்கும் பிள்ளைக்கும், கடையில் சம்பளத்துக்கு நிற்பவருக்கும் ஒரு கிழமை முந்திச் சொன்னால் லீவு கிடைக்காது.

எங்கள் வாட்டில் இன்னும் இருவர் அடுத்த முறை வருவதாகச் சொல்கிறார்கள். எந்தத் தேதிக்கு லீவு எழுதுவது என்று இப்போதே கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு தாதி,
ஆரையம்பதி.