குகைக்குப் போய் வந்த கதை

மனாசஸ், வர்ஜீனியா
3-11-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணன், மதினி, பிள்ளைகள், மாடியில் சித்தி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. விளம்பரத் தாள்களுக்கு நடுவில் உங்கள் சாய்ந்த எழுத்தைப் பார்த்ததும் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்துவிட்டேன். போனில் பேசினால் பாதிதான் காதில் விழுகிறது, எழுதினால் வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை நாள் பேனாவை எடுக்காமல் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று அதிகாலையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது செய்வதுதான். நேற்று வரை உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம், இன்றிலிருந்து பத்தரை. அப்படிக் கிடைத்த ஒரு மணி நேரத்தில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போட்டோவில் வாசலில் எலும்புக்கூடு நிற்கிறதே, அது சாவு வீடா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அம்மா. அது பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசல். வீடியோவில் பார்த்து, "இந்த அம்மா ஏன் ஆம்பிளைச் சட்டை போட்டிருக்கா?" என்று கேட்டீர்களே, அவரேதான். அது அவர் வீட்டுக்காரருடைய சட்டை. அவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. அக்டோபர் கடைசி நாள் இங்கே பேய்த் திருவிழா, ஹாலோவீன் என்பார்கள். பாட்டி செப்டம்பரிலேயே ஏழு பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, ஒவ்வொன்றாக வெளியே உட்கார வைத்துவிடுவார். ஒன்று நாற்காலியில் பேப்பர் படிக்கும். ஒன்று நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்த நாயும் எலும்புக்கூடுதான். போன மாதம் ஒரு ராத்திரி நல்ல மழை. ஜன்னல் வழியே பார்க்கிறேன், பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பேப்பர் படிக்கும் எலும்புக்கூட்டுக்கு ஒரு பழைய மழைக்கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டார். மறுநாள் கேட்டதற்கு, இதெல்லாம் அவர் ஆசையாக வாங்கிச் சேர்த்தது என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பாட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் இந்த அக்டோபரை வீட்டுக்குள்ளேயே கழித்திருப்பார்கள். முதலில் எங்களை ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறுவடை முடிகிற நேரத்தில் இங்குள்ள பண்ணைக்காரர்கள் சோளக்காட்டுக்குள் வளைந்து வளைந்து வழி வெட்டிவிடுவார்கள். உள்ளே போனால் வெளியே வருகிற வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டிய பிறகு பழைய தானியக் கொட்டகையைப் பேய் வீடாக மாற்றி டிக்கெட் போட்டு விடுகிறார்கள். பேயாக வருவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பையன்கள்தான். நம்மைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு. மிகவும் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இருட்டில் ஒளிரும் ஒரு வளையத்தைக் கழுத்தில் போட்டு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தால் பேய்கள் ஒதுங்கிவிடும்.

சின்னவள் எனக்கு வளையம் வேண்டாம் என்று வீறாப்பாக நுழைந்தாள். மூன்றாவது திருப்பத்தில் முகமெல்லாம் ரத்தச் சாயத்தோடு ஒருவன் எதிரே வந்ததும் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பேய் உடனே முழங்காலைத் தரையில் ஊன்றி முகமூடியைக் கழற்றியது. உள்ளே மீசை முளைக்காத ஒரு பையன், வியர்த்து வழிகிறான். அவனுக்குப் பல்லில் கம்பி போட்டிருந்தது. அதைக் காட்டிச் சிரித்து, தன் கழுத்தில் இருந்த டார்ச்சை அவளிடம் கொடுத்து, வெளிவாசல் வரை அவளையே வழி காட்டச் சொன்னான். நம் அண்ணன் அந்த வயதில் இருந்த மாதிரியே காதும் மூக்கும்.

கொட்டகை முழுக்கக் காய்ந்த தாளும் வைக்கோலும் அடுக்கியிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஆச்சி ஊர் சுடலைமாடன் கொடைதான். சாமக்கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டபடி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உங்கள் மடியில் படுத்திருப்பேன். சாமியாடி பந்தத்தோடு மயானத்துக்குக் கிளம்பும்போது முந்தானையால் என் முகத்தை மூடுவீர்கள். அந்தப் பயத்துக்கும் இந்தப் பயத்துக்கும் எவ்வளவு தூரம்! அங்கே விபூதி பூசிய பிறகுதான் பயம் போகும். இங்கே விளக்கைப் போட்டதும் எல்லோரும் சிரித்துக்கொண்டு சூடான ஆப்பிள் சாறு வாங்கப் போய்விடுகிறார்கள். உங்கள் மருமகன் அன்றைக்கு வரவில்லை. வேலை விஷயமாக ஒருவரோடு போனில் பேச வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் குகை. அதைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

லூரே என்று ஒரு சின்ன ஊர். வாஷிங்டனிலிருந்து தொண்ணூறு மைல். நடுவில் புளூ ரிட்ஜ் மலையைத் தாண்ட வேண்டும். பாதை மாஞ்சோலை ஏறுகிற மாதிரியே வளைந்து வளைந்து போகிறது, ஆனால் மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இலைகள். எங்கள் வண்டியைக் கொஞ்ச நாளாக எடுப்பதில்லை, அதனால் பாட்டியின் வண்டியிலேயே போனோம். டிக்கெட்டையும் அவரே எடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன், அதில்தான் என் மனது கொஞ்சம் ஆறியது. காரம் கண்ணில் நீர் வரவைத்தாலும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

குகைக்குள் கோடையிலும் பனிக்காலத்திலும் ஒரே குளிர்தான், 12 டிகிரி. நீங்கள் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர் போதுமாக இருந்தது. மேலே பார்த்தால் ஆலமர விழுது மாதிரி கல் விழுதுகள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து விழுந்து உண்டான கல். ஒரு கன அங்குலம் வளர 120 வருஷம் ஆகுமாம். அதைக் கேட்டதும் பெரியவன் தன் கட்டைவிரல் நுனியை அளந்து பார்த்தான். ஆச்சி பிறப்பதற்கு முன்னால் சொட்ட ஆரம்பித்தது இவ்வளவுதானா அம்மா என்று கேட்டான். ஓர் இடத்தில் குளம் ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பாதாளம், அதற்குள் கல் கோபுரங்கள் வரிசையாக நிற்கிற மாதிரி தெரிகிறது. உண்மையில் தண்ணீர் முழங்கால் அளவுதான். மேலே தொங்குகிற விழுதுகள்தான் அசையாத தண்ணீரில் தெரிகின்றன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானே கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

அப்புறம் ஒரு பெரிய மண்டபம் மாதிரி இடம். நடுவில் ஹார்மோனியப் பெட்டி போல, ஆனால் பெரிதாக ஒன்று. லேலண்ட் ஸ்பிரிங்கிள் என்று ஒருவர், பென்டகனில் வேலை பார்த்தவர், 1954ல் ஆரம்பித்து மூன்று வருஷம் குகைக்குள்ளேயே அலைந்து, ஒவ்வொரு விழுதாகத் தட்டித் தட்டிக் கேட்டு, சரியான சுரம் பேசுகிற 37 விழுதுகளைத் தேர்ந்தெடுத்தாராம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரப்பர் முனை வைத்த சின்னச் சுத்தியல். பெட்டியில் கட்டையை அழுத்தினால் எங்கோ தூரத்தில் இருக்கிற கல்லைச் சுத்தியல் தட்டும். மூன்றரை ஏக்கருக்குப் பரவியிருக்கிறது அந்த வாத்தியம்.

வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. ஒரு சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும், அடுத்தது பின்னால் இருட்டிலிருந்து வரும். அம்மா, அது நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துத் தூண் சத்தம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, தூணில் காதை வைக்கச் சொல்லி, மறுபக்கம் விரல் கணுவால் தட்டுவார்களே, அப்போது கல்லுக்குள்ளிருந்து வருமே, அதே சத்தம். தட்டிவிட்டு, "கேட்டுச்சா?" என்பார்கள். கேட்டாலும் கேட்கவில்லை என்று சொல்வேன், இன்னொரு தடவை தட்ட வேண்டும் என்பதற்காக. அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் என்னால் நிற்க முடியவில்லை. குளிரில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இவர் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டி தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். திருப்பித் தரவே இல்லை, துவைத்து வைத்திருக்கிறேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு ராத்திரி ஊருக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. சந்திப் பிள்ளையார் முக்கில் இறங்கி நடந்து வந்து, நீங்கள் வாசல் தெளிக்கிற நேரத்தில் பின்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. இங்கே இனிமேல் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சரி, அதை விடுங்கள்.

தீபாவளி நன்றாகவே நடந்தது. இந்த வருஷம் தீபாவளியும் பேய்த் திருவிழாவும் ஒரே நாள், 31ஆம் தேதி. காலையில் எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்தேன். முறுக்கும் ரவா உருண்டையும் மட்டும் செய்தேன். சாயந்திரம் வாசல்படியில் அகல் விளக்கு வைத்தேன், பக்கத்தில் பெரியவன் செதுக்கிய பூசணிக்காய் முகம். நாம் திருஷ்டிக்குத் தடியங்காய் உடைப்போம், இங்கே மஞ்சள் பூசணியைக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கிறார்கள். குடைந்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல் புளிக்குழம்பு வைத்தேன், தண்ணீர்க் காயாக இருந்தது. சின்னவள் நீங்கள் போன தடவை அனுப்பிய அரக்குப் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போனாள். என்ன வேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம் "தீபாவளி" என்று சொல்லியிருக்கிறாள். பாவாடை இன்னும் ஒரு வருஷத்துக்கு வரும், புதிதாக எடுக்க வேண்டாம்.

இப்போது வாய்க்கால் கரை வயல் விஷயம். பேட்டைக்காரர் வந்து கேட்டார், பாதி முன்பணம் உடனே தருகிறேன் என்றார், அண்ணன் சரி என்று சொல்லிவிடுவான் போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குகையின் கதையை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். 1878ல் தகர வேலை செய்கிற ஆண்ட்ரூ கேம்ப்பெல்லும் கூட வந்தவர்களும் குன்றில் ஒரு பள்ளத்திலிருந்து வந்த குளிர் காற்றில் மெழுகுவர்த்தி அணைவதைப் பார்த்து, தோண்டி, உள்ளே இறங்கிக் குகையைக் கண்டுபிடித்தார்கள். வெளியே மூச்சுவிடவில்லை. கடனுக்காக அந்த நிலம் ஏலத்துக்கு வந்தபோது வெறும் மேட்டு நிலம் போல வாங்கிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் பழைய சொந்தக்காரர் தரப்பில் வழக்குப் போட்டார்கள், கடைசியில் கோர்ட் அந்த விற்பனையையே ரத்து செய்துவிட்டது. எல்லா வழக்கும் அப்படி முடியாது அம்மா. பேட்டைக்காரர் அவசரப்படுகிறார் என்றால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் ரோடு வருகிறதா என்று கொக்கிரகுளத்து மாமாவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். அளந்து பார்க்காமல், வில்லங்கம் எடுக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முன்பணம் வாங்கவே வேண்டாம். இந்தப் போகத்துக்குப் பழையபடி குத்தகைக்கே இருக்கட்டும்.

விற்றால் என் பங்கு இப்போது உதவியாக இருக்குமே என்று கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு தேவையும் இல்லை. உங்கள் மருமகனுக்கு முந்தின வேலை முடிந்து அடுத்தது இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளோடு இருக்க அவருக்கும் நேரம் கிடைத்திருக்கிறது. இதை சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

தை மாதம் அப்பா திதிக்கு வருவாயா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தடவை வர முடியாது அம்மா. ஆனி மாதம் பள்ளி விடுமுறையில் பார்க்கிறேன். திதி முடிந்த மறுநாள் அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்குப் போங்கள், மணிமண்டபத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முழங்காலுக்குக் காயத்திருமேனித் தைலம் முடிந்திருந்தால் அண்ணனை வாங்கி வரச் சொல்லுங்கள். காது டாக்டரிடம் இந்த மாதமே போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். மதினிக்கு இது எட்டாம் மாதம், மாடிப்படி ஏற விடாதீர்கள். வளைகாப்புத் தேதி முடிவானதும் எழுதுங்கள். வயல் சிட்டா நகல் அப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டியில், பஞ்சாங்கத்துக்கு அடியில் இருக்கும்.

உங்கள் மகள்