கடைசித் தேதியை விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

"ஆபீஸில் 20 பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்ம மண்டபம் ஊரில் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை.

தாயி, ஆளை அனுப்புவதில் முதல் வேலை பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தளத்தில் விலகிய தேதியைப் போடுவது. தேதி ஏறாவிட்டால் முழுப் பணத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. விலகுகிறவர்களே போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் கடைசிச் சந்தா ஏறி 2 மாதம் காத்திருக்க வேண்டும். வேலை போனவனுக்கு 2 மாதம் என்பது வீட்டு வாடகை. விலகல் கடிதத்தில் ஒரு தேதி, தளத்தில் ஒரு தேதி என்றும் இருக்கக் கூடாது.

பாக்கிச் சம்பளம் 2 வேலை நாளுக்குள் போய்விட வேண்டும். 2019 ஊதியத் தொகுப்புச் சட்டம் ராஜினாமா செய்தவருக்கும் அதே கெடுவைத்தான் சொல்கிறது. "அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து" என்று உங்கள் கணக்குப் பிரிவு சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, நீயே ஒரு தரம் போட்டுப் பார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000 என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, வருஷத்துக்கு 15,000. 7 வருஷம் 8 மாதம் வேலை பார்த்தவருக்கு 8 வருஷமாகக் கணக்கிட வேண்டும், 1,20,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்டது முழு வருஷம். இதைத்தான் பலரும் 7 என்று போட்டுவிடுகிறார்கள். 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டி சேரும். லேப்டாப் திரும்பி வரவில்லை என்று இந்தப் பணத்தில் கை வைக்காதே. மெயிலைக் கடைசி நாள் காலையிலேயே பூட்டாதே, சாயங்காலம் பூட்டு. பொறுப்பை ஒப்படைக்க அவர்களுக்கும் அது வேண்டும். 20 பேரையும் இப்படி மரியாதையாக அனுப்பத் தெரிந்தவள் நீ. அதில் எனக்குப் பெருமைதான். அந்த அக்கறையில் கொஞ்சம் வீட்டுக்கும் இருக்கலாம்.

கிராஜுவிட்டிக்கு 5 வருஷம் ஆகவில்லையே என்று யாரையும் ஒதுக்காதே. 4 வருஷம் முடிந்து, ஐந்தாவதில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உனக்கு அங்கே ஐந்தாவதில் எத்தனை நாள் ஆகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. இறால் கம்பெனியில் நான் கணக்கு எழுதிய காலத்தில், இறால் உரிக்கும் ஓர் அம்மா பி.எஃப். பணம் கேட்டுக் கொடுத்த 19-ஆம் படிவத்தை என் மேசையிலேயே வைத்திருந்தேன். முதலாளி வரட்டும், மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன். உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் வந்து வந்து போனார். எட்டு மாதம். முதலாளி தடுக்கவில்லை. கையெழுத்துக்கு அவர் முன்னால் போய் நிற்க எனக்குத்தான் துணிவில்லை. அதனால்தான் தேதி, தேதி என்று உன்னை நச்சரிக்கிறேன். மறக்காமல் போடு.

உன் பி.எஃப். பாஸ்புக்கையும் ஒரு தரம் திறந்து பார். போன மாதச் சந்தா ஏறியிருக்கிறதா? ஏறாவிட்டாலும் போன் பண்ணு தாயி. பத்து மணிக்கு மேலும் நாங்கள் விழித்துத்தான் இருக்கிறோம்.

அப்பா