வாசலில் அழிந்துபோகும் ஓவியங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டைக் கலையழகோடு வைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வரவேற்பறைச் சுவரில் எந்த உயரத்தில் படம் மாட்டுவது, திரைச்சீலைக்கும் சோபா உறைக்கும் நிறப் பொருத்தம் பார்ப்பது எப்படி, மூலையில் வைக்கும் பித்தளை உருளியில் எத்தனை பூ மிதக்கலாம் என்பன போன்ற குறிப்புகள் பலருக்கும் பயன்படக்கூடியவைதாம். ஆனால் அந்த முழுப்பக்கத்திலும் கடையில் வாங்காமல் வீட்டிலிருப்பவர்களே கையால் செய்யக்கூடியதாக ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை என்பது என்னை உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் வாசல் கோலத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தஞ்சை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமச்சீர் வடிவம் கற்பிக்கும்போது, தாளின் நடுவே ஒரு கோடு போடச் சொல்லி, இடப்பக்கம் பாதிக் குடத்தை வரையவைத்து, வலப்பக்கத்து மறுபாதியைக் கோட்டிலிருந்து அளந்து அளந்து நிரப்பச் சொல்வேன். அளந்தும் குடம் ஒருபக்கம் வீங்கும், அழிப்பான் தேயும். அதே நாட்களில் எங்கள் வீட்டு வாசலில் என் தாயார் அளவுகோலும் நடுக்கோடும் இல்லாமல், அரை இருட்டில், குனிந்த வாக்கில் நான்கு பக்கமும் ஒத்த கோலத்தைக் கால்மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிடுவார். அதைத் தாண்டிச் சைக்கிளை இறக்கிக்கொண்டு நான் ஓவியம் கற்பிக்கப் போவேன். கோலத்தின் மேல் சக்கரத் தடம் பதிந்த நாட்களும் உண்டு. அம்மா ஒன்றும் சொன்னதில்லை.

கோலம் போடத் தெரியாதவர்கள் அதைக் கோடு இழுப்பது என்று நினைக்கிறார்கள். உண்மையில் கை தரையைத் தொடுவதே இல்லை. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து மாவு விழுகிறது; விரல் இடைவெளியும் கையின் உயரமும் அது நகரும் வேகமும் சேர்ந்துதான் கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கின்றன. வளைவில் கை தயங்கினால் அங்கே மாவு குவிந்து காட்டிக் கொடுத்துவிடும். இதற்காகவே அம்மா பச்சரிசியைக் களைந்து உலர்த்தி, பலகாரத்துக்கு அரைப்பதுபோல் நைசாக அரைக்காமல் கொரகொரப்பாக அரைத்து வைப்பார். நைசான மாவு விரலில் அப்பிக்கொள்ளும், ஒழுங்காக இறங்காது. ஓவியக் கல்வியில் தூரிகையைப் பிடிக்கும் விதம் பற்றி எங்களுக்கு ஒரு வாரம் பாடம் நடந்தது. இதற்கு எந்த வகுப்பும் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்த கண்ணும், அடுத்த நாள் முயன்ற கையும்தான்.

புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். 'ஊடுபுள்ளி, 15 புள்ளி, 8 வரை' என்று என் தாயார் சொன்னால், நடுவரிசையில் பதினைந்து வைத்து, இருபுறமும் முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக, வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் எட்டில் நிறுத்த வேண்டும் என்று பொருள். மொத்தம் 169 புள்ளிகள். கூட்டிப் பார்த்தவன் நான். அவருக்குக் கூட்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து பின்னிச் செல்லும் சிக்குக் கோலத்தில் கணக்கு இன்னும் ஆழமானது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே தவறாமல் பின்னிச் செல்லும் எளிய கோலத்தைக் கற்றுக்கொடுக்கும்போது என் தங்கையிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது: "மூணுக்கு நாலு வை, ஒரே இழையில முடியும். நாலுக்கு நாலு வச்சியானா நாலு தடவை கையை எடுக்கணும்." நீள அகலப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ, அத்தனை இழைகள்தாம் அந்த வகைக் கோலத்தில் வரும் என்பதை நான் பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கணித ஆசிரிய நண்பர் விளக்கித்தான் புரிந்துகொண்டேன். நாலுக்கு ஐந்து என்றால் ஒன்று, நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அம்மா.

படித்தவர்கள் யாருமே இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1970-களிலேயே கோலங்களை எடுத்துக்கொண்டு, கணினி அறிவியலில் பட இலக்கணம் எனப்படும் துறையில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல, சிறிய வடிவிலிருந்து பெரிய வடிவை விதிப்படி வளர்த்துச் செல்ல முடியும் என்பதற்குக் கோலம் அவர்களுக்கு உதாரணமாயிற்று. கணினித் துறை கண்டுகொண்ட ஒன்றை ஓவிய ஆசிரியனாகிய நான் முப்பத்தோரு ஆண்டுகளில் ஒருநாள்கூட வகுப்பறைக்குள் கொண்டுபோகவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

என் தாயார் மறைந்த பிறகு பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய கோல நோட்டு கிடைத்தது. என் பழைய பள்ளிக் கணக்கு நோட்டில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்கள் அவை. நீல மைப் பேனாவால் புள்ளி, அதன்மேல் சிவப்பு மைக் கோடு. ஓரத்தில் புள்ளிக் கணக்கு. சில கோலங்களுக்குக் கீழே அதை யாரிடமிருந்து படியெடுத்தார் என்ற குறிப்பு. 'எதிர் வீட்டு மாமி, பொங்கலுக்குப் போட்டது', 'மாயவரத்தில் கல்யாண வீட்டில் பார்த்தது' என்று இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் பாதி இழையோடு நின்றுபோன பெரிய சிக்குக் கோலம். பக்கத்தில், 'இங்கே தப்புகிறது, மறுபடி பார்க்க வேண்டும்.' ஓவியர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்திருக்கிறேன். இந்த நோட்டு அவற்றில் எதற்கும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கோலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாசலில் அது இல்லாமலிருப்பதும் ஒரு செய்தி. திதி நாளில் காரியம் முடியும்வரை வாசல் வெறிச்சென்றிருக்கும். துக்க வீட்டிலும் அப்படியே. தெருவில் போகிறவர் யாரையும் கேட்காமலே தெரிந்துகொண்டு குரலைத் தாழ்த்திப் போவார். கோலம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் அழகு, தோற்றம் என்றெல்லாம் பொருள் இருப்பதையும், ஒழுங்கு குலைந்ததை நாம் அலங்கோலம் என்று சொல்வதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

கோலத்தை மட்டுமே சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது அது என்பதால் அதிகம் சொன்னேன். கல்யாணச் சீருக்குக் கைமுறுக்குச் சுற்றும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு, மாவைத் திரித்துக்கொண்டே ஒன்பது சுற்றுச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறாமல் கொண்டுவருவது என்ன வித்தை என்று தெரியும். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியில் வரிசை பிசகாமல் காயும் கூழ் வற்றலிலும், பூக்காரம்மா வாழைநாரில் இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து முடியும் மல்லிகையிலும் அதே கண்தான் வேலை செய்கிறது.

இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கையையும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். விடிகாலையில் எழுந்து சாணம் தெளித்து, குனிந்து பெருக்கி, கோலமும் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவர்களுக்கு அது கலை மட்டுமாக இருந்ததில்லை. தட்ட முடியாத வீட்டு வேலையாகவும் இருந்தது. கடைசி ஐந்து ஆண்டுகள் என் தாயாருக்கு மூட்டு வலி. ஆண்கள் யாரும் அந்த வாசலில் குனிந்ததில்லை. ஓவியம் படித்த நான்கூட. ஆகவே, 'பழைய காலம்போல் பெண்கள் தினமும் கோலம் போட வேண்டும்' என்று உபதேசிக்க நான் வரவில்லை. போட விரும்புகிறவர்களுக்கு இடமும் மதிப்பும் வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த இடமும் சுருங்கி வருகிறது. என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், நடைபாதையில் மாவு சிந்துகிறது, எறும்பு வருகிறது என்று காரணம் காட்டி, ஒட்டுக் கோலம் மட்டுமே வாசலில் இருக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எறும்புக்கும் ஆகட்டும் என்றுதான் அரிசி மாவில் கோலம் போட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வேலைக்கு ஓடுகிறவர்கள் ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருமகள் ஆசையாகப் போட்ட சிறிய மாக்கோலத்தைத் துடைத்துவிடச் சொன்னபோது, வழவழப்பான அந்த டைல்ஸ் தரையில் துடைத்த வெள்ளைத் தடத்தைப் பார்த்துக்கொண்டு என் பேத்தி நின்றது மனதைவிட்டு அகலவில்லை.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான். மார்கழி வந்தால் கோலப் போட்டி வைத்து, வண்ணப்பொடி நிரப்பிய பெரிய ரங்கோலிகளுக்குப் பரிசு கொடுத்துப் படமும் போடுகிறீர்கள், நல்லது, தொடரட்டும். அதோடு, வாசகர்களின் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் கோல நோட்டுகளிலிருந்து வாரம் ஒரு பக்கத்தை, எழுதியவரின் பெயரோடும் ஊரோடும், புள்ளிக் கணக்கோடும் அப்படியே அச்சிடுங்கள். அடித்தல் திருத்தலைச் சரிசெய்ய வேண்டாம். பக்கத்தைத் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்தாலே அச்சுக்குப் போதுமானதாக இருக்கும். யாரிடமிருந்து படியெடுத்தது என்ற குறிப்பு இருந்தால் அதையும் விடாமல் போடுங்கள். அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு கோலம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, மணமாகிப் போன பெண்ணோடு போனது என்பதையும் ஓரளவு கண்டுகொள்ளலாம்.

முதல் பக்கமாக என் தாயாரின் நோட்டிலிருந்து அந்த முடியாத சிக்குக் கோலத்தின் படத்தை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். நானும் என் பேத்தியும் மூன்று வாரமாக முயன்றும், கீழிருந்து நான்காவது வரிசையில் இழை தப்பிவிடுகிறது. தங்கள் வாசகர்களில் யாருக்காவது அதை முடிக்கும் வழி தெரிந்தால் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.